கோடிப் புடவைக்கு ஒரு ரோஸ் நிறம்

ரோஸ் ஒரு நிறமே இல்லை என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். புனேயில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிற்சாலையில் நிறம் சரிபார்ப்பது என் வேலை. சிவப்பு டப்பாவில் எவனோ தெரியாமல் வெள்ளையைக் கொட்டிவிட்டான், அந்தத் தப்புக்குப் பெயர்தான் ரோஸ் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். மேலதிகாரி ஜோக் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள், பாவம்.

அந்த வாய்க்கொழுப்போடுதான் மாசி மாதத்தில் ஒரு காலை சிதம்பரம் ரயிலடியில் இறங்கினேன். என் தங்கை வசந்தாவின் கணவர் கலியபெருமாளுக்குப் பதினாறாம் நாள் காரியம். அதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கலியபெருமாள் டவுன் பஸ் டிரைவர். காலையில் டிப்போவில் கையெழுத்துப் போட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். நான் வந்து சேர ஒன்றரை நாள் ஆகும், அதுவரை வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள். "அதான் எடுத்தாச்சே, காரியத்துக்கு வந்தா போதும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் அதை வசதியாகப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில், தாலி இறக்கிய பெண்ணுக்குக் காரியத்தன்று பிறந்த வீட்டிலிருந்து கோடி போட வேண்டும். அண்ணனோ தம்பியோ வாங்கிவந்த புதுப்புடவையை, சபை பார்க்க, அவள் தோளில் போர்த்துவது. அப்பா காலத்தில் அது வெள்ளை. இப்போது சந்தனம், சாம்பல், வெளிர் நீலம் வரைக்கும் ஊர் இறங்கி வந்திருக்கிறது. நிறத்தை அண்ணன்தான் எடுப்பான், அவளைக் கேட்கும் வழக்கம் கிடையாது. ஆனால் வசந்தா கேட்காமலே போனில் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, எனக்குக் கோடி ரோஸ் கலர்ல எடுத்துட்டு வா."

துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்தேன். சரிம்மா என்று சொல்லி போனை வைத்தேன்.

சிதம்பரத்தில் முதலில் வயிற்றைக் கவனித்தேன். புனேயில் தினமும் அவல் உப்புமாவைத் தின்று செத்துப்போன நாக்குக்கு, கத்திரிக்காய் கொத்சுவும் இட்லியும் போய்ச் சேர்ந்தபோது உயிர் வந்தது. இழவுக்கு வந்தவன் இப்படி ருசித்துச் சாப்பிடலாமா என்று ஒரு பக்கம் குத்தியது. இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்புறம் ஒரு ஜவுளிக்கடையில் ஏறி, பத்து நிமிஷத்தில் சந்தனக் கலரில் ஒரு புடவை எடுத்தேன். என் தொழில் அது. நிறம் எடுப்பதில் எனக்குத் தடுமாற்றம் வராது.

வசந்தாவின் ஊரான கிள்ளைக்குப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. முன்னும் பின்னும் ரோஸ் பெயின்ட். பெண்கள் பஸ் என்று நினைத்து நான் ஒதுங்கி நின்றேன். ஒரு பஸ்ஸை விட்டேன். இன்னொன்றும் ரோஸாகவே வந்தது. காலி மீன் கூடையோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னா சார், எம்மா நேரமா நிக்கிறீங்க? ஏறுங்க. நாங்க டிக்கெட்டு வாங்க வேணாம், நீங்க வாங்கணும். அம்புட்டுதான் வித்தியாசம். கலரு ஒண்ணும் ஒட்டிக்காது."

பஸ்ஸே சிரித்தது. அவள் பெயர் அஞ்சலை என்பது பிறகு தெரிந்தது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், வெள்ளைத் தாடி வைத்த பரங்கிப்பேட்டை பாய், நான் கிள்ளை என்றதும் என் முகத்தையே பார்த்தார்.

"நீங்க நம்ம டிரைவர் மச்சானோட புனே மச்சானா?"

ஆமாம் என்றேன். அவர் பெயர் ஜமால். கலியபெருமாளோடு அந்தத் தடத்தில் பல வருஷம் ஓடியவர். டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு டிரைவர் சீட் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இதே வண்டிதான் சார்," என்றார். அஞ்சலை சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்து சுருக்கென்றது. என் மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் நடுவில், "எங்க மச்சான் ரோஸ் பஸ் ஓட்றாரு. பொம்பளைங்க பஸ்ஸு" என்று நான்தான் கேலி செய்தேன். பந்தியே சிரித்தது. கலியபெருமாளும் சிரித்தார். இலையை மடித்துவிட்டு எழுந்தவர் என்னிடம், "ஒரு தரம் கிள்ளைக்கு வாங்க மச்சான். ரோஸுன்னா என்னான்னு காட்டுறன்" என்றார். வருஷா வருஷம் பொங்கலுக்குப் போன் செய்து கூப்பிட்டார். வர்றேன் வர்றேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வரவில்லை.

வசந்தா உள் அறையில் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பதிமூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அது நல்லதில்லை என்று அவள் ஓரகத்தி என் காதில் சொன்னாள். கலியபெருமாளின் அண்ணன் ராமலிங்கம் பையை வாங்கிப் பார்த்து, சந்தனக் கலர், பாந்தமாக இருக்கிறது என்று தலையாட்டினார். வசந்தாவும் புடவையைப் பார்த்தாள்.

"நான் என்னா கேட்டேன்?"

"அதெல்லாம் சபையில நல்லா இருக்காதும்மா. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா அவுருகூட குடுத்தனம் பண்ணுச்சு?"

அப்போதும் என் தொழில் புத்தி விடவில்லை. "ரோஸ்ல நூறு இருக்கு வசந்தா. எந்த ரோஸு?" என்றேன்.

"அவுரு காட்டுன ரோஸு. உன்னையுந்தான் கூப்ட்டாரு, நீதான் வரல. போயி பாத்துட்டு வா. பாத்தப்புறமும் சந்தனந்தான்னா, சந்தனத்தையே போடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இரண்டாம் நாள் ஜமால் பாய்க்கு விடுப்பு. இடம் அவருக்குத்தான் தெரியும் என்று வசந்தா சொல்லியிருந்தாள். தன் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு, கிள்ளையைத் தாண்டி முடசல் ஓடைக்குப் போகும் சாலையில் ஒரு வளைவில் இறக்கினார். அங்கே பஸ் நிறுத்தம் எதுவும் இல்லை. ஆனால் கலியபெருமாள் ஓட்டிய பஸ் தை மாதம் தொடங்கி வெயில் முற்றும்வரை தினமும் அங்கே அரை நிமிஷம் நிற்குமாம். ஜமால் பாய் ஒற்றை விசில் கொடுப்பார். கலியபெருமாள் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "எம்மா, பூ வந்திருக்கு, பாருங்க" என்பார். மீன் கூடையும் தூக்குவாளியுமாக நிற்கிற பெண்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்வார்கள். அரை நிமிஷம். பிறகு இரட்டை விசில்.

"ஒருத்தரும் லேட்டாவுதுன்னு கேட்டதில்லையா பாய்?"

"ஆம்பளைங்க கேப்பாங்க. பொம்பளைங்க கேட்டதில்ல. அவுங்களுக்கு நாள் பூரா ஒக்காந்து பாக்க ஏது நேரம்? அந்த அர நிமிஷந்தான்."

பூ என்றால் பூநாரை. கைவிட்ட இறால் குட்டைகளுக்கு நடுவே வரப்பில் நடத்திக் கூட்டிப்போனார். சேறு என் செருப்பு ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், தூரத்தில் உப்பங்கழியில் நூறு நூற்றைம்பது பறவைகள். நீளமான கால். நீளமான கழுத்து. தலையைத் தலைகீழாகச் சேற்றுத் தண்ணீருக்குள் விட்டு, நிதானமாக நடந்தபடி மேய்ந்துகொண்டிருந்தன.

எல்லாம் வெள்ளை.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "என்ன பாய் இது? இதுல எங்க ரோஸ்?" என்றேன். கால் மட்டும் கொஞ்சம் ரோஸ். மற்றபடி அழுக்கு வெள்ளை. பழக்க தோஷத்தில் பையில் எப்போதும் கிடக்கும், நிறங்களை வரிசையாக அச்சடித்த ஷேட் கார்டை எடுத்து நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். வெள்ளையில்தான் போய் நின்றது.

"அவசரப்படாதீங்க சார். முப்பது கிலோமீட்டர் ஸ்பீடுல வர்றவனுக்கு வெள்ளையாத்தான் தெரியும். நில்லுங்க."

நின்றோம். வெயில் ஏறியது. அவர் வீட்டில் கட்டிக்கொடுத்த இறால் வடையைப் பிரித்தார். சாவு வீட்டில் கவுச்சி கிடையாது, எனக்குத் தீட்டும் கிடையாது. மூன்று தின்றேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறமாம். சேற்றில் இருக்கிற கூனி இறால், கண்ணுக்குத் தெரியாத பாசி, இதையெல்லாம் சலித்துத் தின்னத் தின்னத்தான் நிறம் ஏறுமாம். தீனி சரியில்லை என்றால் வெளுத்துவிடுமாம்.

எனக்கு அது உறைத்தது. நான் பார்த்த நிறமெல்லாம் மேலே அடித்தது. ஒரு கோட், இரண்டு கோட், சூடேற்றினால் காய்ந்துவிடும். இது நாள் தவறாமல் சேற்றில் தலையை விட்டுத் தின்று, உள்ளேயிருந்து வருஷக்கணக்கில் வருகிற நிறம்.

"மச்சான் நம்ம வசந்தா தங்கச்சிய மொதோ தடவ கூட்டியாந்தப்ப வெறும் வெள்ளையப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்க. ரெண்டாந்தடவையும் அப்டியே. தங்கச்சி கேலி பண்ணியிருக்கு. மூணாவது தடவதான் தெரிஞ்சிச்சு. அதுலேர்ந்து லீவு நாளுன்னா ரெண்டு பேரும் இங்கதான். எனக்கே பொறாமையா இருக்கும் சார். நான் எங்கூட்டுக்காரியக் கூட்டியாந்ததே இல்ல."

அவர் சொல்லி முடிக்கும்போது வாய்க்காலில் ஒரு படகின் இன்ஜின் தடதடவென்று கிளம்பியது. பறவைகள் தலையைத் தூக்கின. முதலில் ஒன்று, தண்ணீர் மேலேயே நாலு எட்டு ஓடி, இறக்கையை விரித்தது. பின்னால் எல்லாமே விரித்தன.

என்ன சொல்ல! இறக்கைக்குள்ளே அவ்வளவு நிறத்தையும் மடித்து வைத்திருந்திருக்கின்றன. ஓரத்தில் கரி, அதற்கு உள்ளே ரோஸ். மிட்டாய் ரோஸ் இல்லை, ராணிக் கலரும் இல்லை. அதிகாலையில் அடுப்பில் தணல் மேலே சாம்பல் பூத்திருக்கும்போது, ஊதினால் உள்ளே தெரியுமே, அது. நூற்றைம்பது பறவையும் எங்கள் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டன. ஷேட் கார்டு கையில்தான் இருந்தது. தூக்கிப் பார்க்கவில்லை. இதைத்தான் அந்த மனுஷன் எனக்குக் காட்டக் கூப்பிட்டார், நான் பந்தியில் வைத்துச் சிரித்தேன். அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். ஜமால் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு வடை கட்டிவந்த தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சிதம்பரத்தில் கடை கடையாக ஏறினேன். முதல் கடை, நான் சந்தனம் எடுத்த அதே கடை. விற்பவர் பன்னீர் ரோஸ், வெங்காயத்தோல், தாமரை என்று விரித்துப் போட்டார். "விரிச்சா போதாதுங்க, ஒரு பக்கம் பிடிச்சு உதறுங்க" என்றேன். விநோதமாகப் பார்த்தார்.

"என்ன விசேஷம் சார்?"

"தங்கச்சிக்குக் கோடி."

அவர் கை நின்றுவிட்டது. விரித்த புடவைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். "கோடிக்குன்னா மாடில சார். சந்தனம், சாம்பல் எல்லாம் அங்கதான்" என்றார். அவர் குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் அந்த ரோஸ்களை என் கண்ணுக்கு எட்டாமல் மேல் தட்டில் வைத்தார். பையிலிருந்த சந்தனத்தைத் திருப்பித் தரலாமா என்று கேட்டேன். கோடிக்கு எடுத்துப்போனதைக் கடைக்குள் திரும்ப ஏற்றமாட்டோம் என்றார். அடுத்த இரண்டு கடைகளில் விசேஷம் என்ன என்று கேட்டபோது பொய் சொன்னேன். அங்கே நிறம் கிடைக்கவில்லை.

கடலூருக்கு பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டி டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். புனேயில் இப்படி நின்றால் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொள்வார்கள். இங்கே கால் மணி நேரத்தில் ஒரு அம்மாள் என் குலம் கோத்திரம், பெண்ணுக்குச் சீர் செய்தது வரை விசாரித்து முடித்துவிட்டாள். வந்த காரியத்தைச் சொன்னேன். வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தவள் கடிப்பதை நிறுத்தினாள்.

"அண்ணங்காரன் வாங்கித் தர்றேன்றப்ப அவளுக்கென்ன கொறச்ச? எனக்கு எங்க அண்ணன் சாம்பல் கலருதான் எடுத்தாந்தான். இன்னி வரைக்கும் மடிப்பு பிரிக்கல" என்றாள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு நடுத்தரக் கடையில், விற்பனைக்கு நின்ற பெண்ணிடம் இந்த முறை எதையும் மறைக்கவில்லை. கோடி, ரோஸ், பறவை, உதற வேண்டும், எல்லாம் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்காமல் ஸ்டூலில் ஏறி அடியிலிருந்து நூல் புடவைகளை எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக உதறினாள். பதினோராவதோ பன்னிரண்டாவதோ, மடிப்பில் வெளுப்பாகக் கிடந்தது. உதறியதும் நான், "அதுதாம்மா, அதுதான்" என்று கத்திவிட்டேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

நாலாம் நாள். குளக்கரையில் எல்லாம் முடிந்து வசந்தாவைக் கூட்டிவந்து பந்தலில் மணை போட்டு உட்காரவைத்தார்கள். வெறும் கழுத்து. நான் பார்க்க முடியாமல் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்குள் இரண்டு புடவை. பந்தல் நிறைய ஆட்கள். ஓரத்தில் அஞ்சலையும், அந்தத் தடத்தில் போகும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் கூடைகளை வெளியே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். ஜமால் பாய் பந்தல்கால் பக்கத்தில் நின்றார்.

"பொறந்த ஊட்டுக் கோடி" என்று குரல் கொடுத்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், என் கை முதலில் சந்தனத்தைத்தான் தொட்டது. பயம். வாங்கிவிட்டேனே தவிர, சபை நடுவில் அதை எடுக்கிற தைரியம் வேறு. புனே போய்ச் சேர்கிற எனக்கு என்ன, இந்த ஊரில் பேச்சு வாங்கிக்கொண்டு இருக்கப்போகிறவள் அவள் என்று நல்ல சாக்கும் கிடைத்தது. தலை நிமிர்ந்தேன். வசந்தா என்னைப் பார்க்கவில்லை. என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோஸை எடுத்தேன்.

ராமலிங்கம் எழுந்துவிட்டார். "என்னா மச்சான் இது? சந்தனம் எடுத்து வச்சிருந்தீங்களே! ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். உங்க தம்பியப் பாத்து நான் சிரிச்சவன்தான். அதைவிடப் பெருசா யாரும் சிரிச்சிட முடியாது."

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. பின்னாலிருந்து அஞ்சலையின் குரல் கேட்டது, மீன் விற்கிற குரல், ஊருக்கே கேட்டிருக்கும். "பெரியவரே, அது எங்க டிரைவர் அண்ணன் கலரு. நாங்க தெனம் பாத்ததுதான். போடச் சொல்லுங்க."

கூட நின்ற பெண்கள் எல்லோரும் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றார்கள். ராமலிங்கம் அவர்களைப் பார்த்தார், வசந்தாவைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர்தானே.

நான் புடவையை மடிப்பாகப் போடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஒரு உதறு உதறி, விரித்து, அவள் தோளில் போர்த்தினேன். வசந்தா தலைப்பைக் கையில் எடுத்து, வெயில் விழுகிற பக்கமாகத் தூக்கிப் பார்த்தாள்.

"பறந்துச்சாண்ணே?"

"பறந்துச்சும்மா. எல்லாமே பறந்துச்சு."

அவள் அந்தத் தலைப்பில் முகத்தைப் புதைத்து, ஓவென்று அழுதாள்.